ஷெனியேரை யாரும் கேட்கவில்லை

அன்று காலை பெல் ஆன்ஸ் தேவாலயக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நீள மேசையின் தலைப்பக்கம் ஊர்த் தலைவர் யுலீஸ் ஃபல்கூ. ஐஸ் ஆலைக்காரர். கனத்த உடம்புக்கு நாற்காலி போதாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மளிகைக்கடை ஆர்மான் ஷெராமி. எதிர்ப்பக்கம் யூஃப்ரசி கிட்ரோ, ஏழு வருஷத்துக்கு முந்தைய புயலுக்குப் புருஷனையும் மகளையும் பறிகொடுத்தவள். அவளை ஒட்டி ஒரு காலி நாற்காலி. அது க்ளோவிஸ் வெர்ரேயுடையது. முந்தின நாளே அவன் இறால் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காலி நாற்காலிக்கு அப்பால், வாசலை ஒட்டி, கயிற்று உருளையில் எப்போதோ நசுங்கிய காலை நீட்டிப் போட்டுக்கொண்டு தெயோ பீத்ர். மேசையின் கடைசியில், எல்லோரையும் பார்த்தபடி, புயல் ஆராய்ச்சி செய்யும் வெளியூர்க்காரர் டாக்டர் ஹாலோவே. அவர் முன்னால் லூயிசியானாக் கரையின் வரைபடம் விரிந்திருந்தது. அது சுருண்டுகொள்ளாமல் மூலைக்கு ஒரு காப்பிக் கோப்பை வைத்திருந்தார்கள்.

ஆறாவது ஆள் அந்த மேசையில் இல்லை. சுவரோரம் தனியாக ஒரு சின்ன மேசை போட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள் ஓடில் வெர்ரே. காலி நாற்காலிக்காரனின் மனைவி. ஊரின் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான், ஊர் சபையின் செயலாளரும் அவள்தான். செயலாளருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் சபையின் தாள் எதுவும் ஊரைத் தாண்டியது இல்லை.

ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தாகிவிட்டது. திறந்திருந்த ஒரே கதவு வழியாகத்தான் வெளிச்சம். காற்று இன்னும் பெரிதாக இல்லை. ஆனால் வானம் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது. விடிவதற்கு முன்பே கடல்நீர் ஏறி, ஊரைவிட்டுப் போகும் ஒரே சாலையை மூடிவிட்டது. கிளம்ப நினைத்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். நினைக்காதவர்களும் முடியாதவர்களும் முந்நூறு பேர், பள்ளிக்கூடத்து மாடியில் ஜெபமாலையும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓடிலின் மகன் ரெனேயும் மகள் மாத்தில்தும் அந்த மாடியில்தான்.

"புயல் நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துரும்," என்றார் ஹாலோவே. "நேரா இங்கதான். சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. இது நீங்க ஏழு வருஷத்துக்கு முன்னால பாத்ததைவிடப் பெருசு."

யூஃப்ரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க விமானங்க புயலுக்குள்ள போகும். புயலோட நடுக்கண்ணைச் சுத்திச் சுவர் மாதிரி நிக்கிற மேகத்துல வெள்ளி உப்பைத் தூவுவோம். மேகத்துல இருக்கிற தண்ணி உறையும். உறைஞ்சா அந்தச் சுவர் கலைஞ்சு தள்ளிப்போய் நிக்கும். கையை ஒடுக்கிக்கிட்டுச் சுத்துற பொண்ணு கையை விரிச்சா வேகம் குறையும் இல்லியா, அந்த மாதிரி."

"எவ்வளவு குறையும்?" யூஃப்ரசி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அஞ்சுல ஒரு பங்கு. அதிர்ஷ்டம் இருந்தா மூணுல ஒண்ணு. ஒண்ணுமே குறையாமலும் போகலாம்."

"எங்களுக்கு இந்த வேலை புதுசில்ல டாக்டர்," என்றார் ஆர்மான். எந்தக் கூட்டத்திலும் அவரால் சும்மா இருக்க முடியாது. "புயல் வந்தா வாசல்ல கோடரியை வெட்டுவாய் மேல பாக்கக் குத்தி நட்டுருவோம். புயல் ரெண்டாப் பிளந்து அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதின்னு போயிரும். உப்புச் செலவே கிடையாது."

"பிளந்த பாதி யார் வீட்டுக்குப் போகும்னு கேட்டியாடா?" என்றார் தெயோ.

"பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு கோடரி வாங்கிக்கட்டுமே மாமா. என் கடையிலதான் அடுக்கி வெச்சிருக்கேனே!"

யுலீஸ் சிரித்தார். ஓடில்கூடச் சிரித்தாள். ஹாலோவே சிரிக்கவில்லை.

"நான் சொல்ல வந்ததும் அதுதான்," என்று வரைபடத்தில் பென்சில் கோடு போட்டு இருட்டாக்கியிருந்த ஓர் இடத்தைத் தொட்டார். பெல் ஆன்ஸுக்கு மேற்கே, வளைகுடாவைத் தாண்டி, உப்புச் சதுப்பும் ஏரியுமாகக் கிடக்கும் நிலம் அது. அதன் நடுவில் ஓக் மரங்கள் நிற்கும் ஒரு நீளமான மணல்மேடு. அந்த மேட்டின் மேல் இருக்கும் குடியிருப்புக்கு ஷெனியேர் என்று பெயர். "தூவினா புயல் கொஞ்சம் பாதை விலகலாம். விலகினா இங்க போகும்."

"விலகுமா?" என்றார் யுலீஸ்.

"அஞ்சு தடவைல ஒரு தடவைன்னு எங்க கணக்கு. அதை நம்பி நான் என் வீட்டை அடகு வெக்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். புயல் தானாவும் விலகும். நாங்க தூவின பிறகு அது விலகினா, நாங்க விலக்கினோமா, அதுவா விலகிச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்பவும் முடியாது, பின்னாடியும் முடியாது."

"யாராலயும்?" என்றார் யுலீஸ்.

"யாராலயும்."

யுலீஸின் தோள்கள் மெல்ல இறங்கியதை ஓடில் பார்த்தாள். அதைக் குறிப்பில் எழுத வழியில்லை. 'யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் தெரிவித்தார்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஹாலோவே அடுத்துச் சொன்னது விதிமுறை. கோடு போட்ட இடத்தில் ஆள் இருந்தால் தூவக்கூடாது. தூவ வேண்டுமானால், புயல் வரப்போகும் ஊரின் சபை எழுத்தில் கேட்க வேண்டும். கோடு போட்ட இடத்தில் தங்களுக்குத் தெரிந்து யாரும் இல்லை என்றும் எழுத வேண்டும். தொலைபேசிக் கம்பி இரவே அறுந்துவிட்டது. வாய்ச்சொல்லை விமானத் தளத்தில் ஏற்க மாட்டார்கள். தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் ஒன்று படகுத்துறையில் காத்திருந்தது. மதியத்துக்குப் பிறகு அது கிளம்ப முடியாது.

"ஷெனியேர் ஜனங்க?" என்று கேட்டார் ஹாலோவே.

"ஷெரீஃப் படகு நேத்தே போயிருக்கும்," என்றார் யுலீஸ். "எல்லாரும் கிளம்பியிருப்பாங்க."

"உங்க படகுகள்?"

"எப்பவும்போல மேலாத்துல. சர்க்கரை ஆலைக்குப் பின்னால..."

"வாயை மூடய்யா!" ஆர்மான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். யுலீஸ் சட்டென்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

பெல் ஆன்ஸில் அது ஒரு கட்டுப்பாடு. புயல் கடலில் நிற்கும்போது, படகுகள் எங்கே ஒதுங்கியிருக்கின்றன என்று கரையில் இருப்பவர் பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் புயல் கேட்டுக்கொண்டு அங்கே வரும். படகோட்டிகள் மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டுப் போவதில்லை, மனைவியரும் கேட்பதில்லை. க்ளோவிஸ் கிளம்பும்போது ஓடிலிடம் சொன்னதெல்லாம், "வரேன். பூனையை மாடிக்குத் தூக்கிட்டுப் போ," என்பது மட்டும்தான். கேட்கத்தான் என்ன இருக்கிறது? ஒவ்வொரு புயலுக்கும் ஆற்றில் மேலேறி, ஆலைக்குப் பின்னால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஊருக்கே தெரியும்.

தெயோ முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஓட்டெடுப்புக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. யூஃப்ரசியின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு ஆர்மான், பிறகு யுலீஸ். தெயோவின் கை பாதி தூரம் ஏறி, நின்று, பிறகு முழுக்க ஏறியது.

ஓடில் எழுந்து சமையலறைக்குப் போனாள். டைப்ரைட்டர் அங்கேதான் இருந்தது; பள்ளிக்கூடத்துக்கு விடியற்காலையில் ரொட்டி தட்டிய மேசையில், சிந்திய மாவுக்கு நடுவில். தாளைச் சொருகித் தேதியைத் தட்டினாள். மனசு லேசாக இருந்தது. அஞ்சில் ஒரு பங்கு என்றால் அலை மாடி ஜன்னலுக்கு ஒரு கை கீழே நிற்கும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். 'எங்களுக்குத் தெரிந்தவரை மேற்படிப் பகுதியில் எவரும் இல்லை' என்ற வரியைத் தட்டும்போது விரல் எங்கும் தடுமாறவில்லை. அவள் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டுவதில் பெருமை உள்ளவள்.

பின்னால் தெயோவின் கால் இழுபடும் சத்தம் கேட்டது.

"காப்பி தீந்துபோச்சு மாமா."

"காப்பிக்கு வரல." அவர் கதவைச் சாத்தினார். "ஓடில், படகு மேலே போகலம்மா."

அவள் திரும்பினாள்.

"படகுக்கு வழிவிடத் திரும்புற சுழல் பாலம் பாதியில சிக்கிக்கிச்சு. ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டுப் பதினாலு படகும் நின்னுச்சு. கரையில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். நீங்கல்லாம் அப்ப பூசையில இருந்தீங்க. உன் வீட்டுக்காரன்தான் சொன்னான், இருட்டறதுக்குள்ள திருப்புங்கடான்னு."

"எங்க திருப்பினாங்க?"

தெயோவின் வாய் திறந்தது, மூடியது. வெளியே கடல் இருந்த திசையைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது.

"பேரைச் சொல்ல வேணாம் மாமா. காட்டு."

அவர் மேசைக்கு வந்து, சிந்திக்கிடந்த மாவில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அது ஆறு. ஆற்றின் வாயில் வளைந்து, வளைகுடாவைக் குறுக்கே வெட்டி மேற்கே போனது கோடு. அங்கே ஒரு நீளமான மேட்டை வரைந்தார். மேட்டுக்குப் பின்னால் விரல்நுனியை அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

ஓடில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க அந்த ஆளு கேட்டாரே. படகு எங்கன்னு வாயைத் திறந்து கேட்டாரே! ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா வந்துரும்னுதான்..." கிழவர் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினார். "என் மகனும் அதுலதான் இருக்கான். நானே வாயால காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு பயந்துட்டேன். அப்புறம் பேரப்பசங்க மாடியில இருக்காங்கன்னு கையையும் தூக்கிட்டேன். தூக்கின பிறகுதான் புத்தியில உறைக்குது. என்னை அடிச்சுக்கூடப் போடு ஓடில்."

"யாருக்குக் காட்டிக்குடுக்கப் பயந்த? நாமதானே அதை அங்க அனுப்பப் போறோம்!"

அவள் தாளை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தெயோ பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஷெனியேர் என்று பெயரைச் சொல்லியே சொன்னாள். ஆர்மான் காதைப் பொத்திக்கொண்டார்.

யுலீஸின் முகம் ஐஸ் கட்டி மாதிரி வெளுத்தது. அவருடைய தம்பியும் ஒரு படகில் இருந்தான். பிறகு கேட்டார்:

"விமானம் போய் அவங்களுக்குச் சொல்லட்டுமே? கிளம்பச் சொல்லி?"

"எங்க கிளம்புவாங்க?" என்றார் ஹாலோவே. "வளைகுடால இப்பவே அலை வீட்டுக் கூரை உயரம் அடிக்குது. நகர்ந்தா நடுவுல மாட்டிக்குவாங்க. இருக்கிற இடத்துல இருக்கிறதுதான் அவங்களுக்கு நல்லது." அவர் ஓடிலைப் பார்த்தார். தாடையில் இரண்டு நாள் தாடி. "மேடம், ஒண்ணு சொல்றேன். நான் இப்ப கேட்டது உங்க ஊர்ப் பேச்சு. எழுத்துல எதுவும் என் கைக்கு வரல. நீங்க முதல்ல தட்டின கடிதத்தை அப்படியே குடுத்தீங்கன்னா வாங்கிக்குவேன்."

"ஆள் இருந்தா தூவக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." அவர் பென்சிலை உருட்டினார். "எட்டு வருஷமா இப்படி ஒரு புயலுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்." சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. "அதுக்காகச் சொல்லல. அஞ்சுல நாலு தடவை அது விலகாது. விலகாம வேகம் மட்டும் குறைஞ்சா பள்ளிக்கூடத்து மாடியில இருக்கிறவங்க பொழைப்பாங்க."

"கேட்டியா?" என்றார் யுலீஸ். "படகுல இருக்கிறவன் புயல் பாத்தவன். கயிறு இருக்கு, நங்கூரம் இருக்கு. மாடியில இருக்கிறது யாரு? நடக்க முடியாத கிழடுகளும் பால் குடிக்கிற பிள்ளைகளும். உன் பிள்ளைங்களும் அங்கதான இருக்கு ஓடில்! பெத்தவதானே நீ?"

மாத்தில்த் காலையில் தலைமுடியை இரண்டாகப் பின்னச் சொல்லி அடம்பிடித்தாள். நேரமில்லை என்று ஒற்றைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தாள்.

"படகு மட்டும் இல்ல," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஷெனியேர் ஜனங்க. ஷெரீஃப் படகு என்னிக்கு அங்க போயிருக்கு? சாலை இல்ல, கம்பி இல்ல, ஓட்டு இல்ல. எந்தப் புயலுக்கு அவங்களை யார் கிளப்பினாங்க? அவங்க அங்கதான் இருக்காங்க. அவங்களை யார் கேட்டா?"

அப்போதுதான் யூஃப்ரசி எழுந்தாள். அவ்வளவு நேரமும் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருஷன் அங்க இல்லேன்னா உனக்கு ஷெனியேர் ஞாபகம் வந்திருக்குமாடி?"

வெளியே எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டது.

"வந்திருக்காது அக்கா," என்றாள் ஓடில்.

"பின்ன என்ன நியாயம் பேசுற?"

"தானா வந்து விழுந்தா அது யாரும் அனுப்பினது இல்ல. தூவி அது அங்க போனா நாம அனுப்பினது."

"தடுக்க முடியும்னு தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு விட்டா? அதுவும் நாம அனுப்பினதுதான்!" யூஃப்ரசி அவள் இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு கை என் கையில இருந்துச்சு. ஈரத்துல வழுக்கிச்சு. அவ்வளவுதான். அன்னிக்கு இந்த உப்பு இருந்து, எவளாவது டைப் அடிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, அவ குரல்வளையைக் கடிச்சிருப்பேன். நீ என்ன பண்ணுவ? நாளைக்கு ரெனே கை வழுக்கினா யார்கிட்டப் போய் நியாயம் பேசுவ?"

பேசிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிலின் முழங்கையை விடவில்லை. ஓடிலும் கூடவே குனிந்து, பிறகு மண்டியிட்டாள். இருவரும் தேவாலயத்தில் ஜெபிப்பவர்கள் மாதிரி எதிரெதிரே மண்டியிட்டு மூச்சு வாங்கினார்கள்.

யுலீஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓட்டு எடுத்தாச்சு. நாலு பேர் கை தூக்கியாச்சு. கையெழுத்துப் போடு ஓடில்."

"எல்லாரும் தெரியாம தூக்கினது. மறுபடி எடுங்க."

"மறுபடி எடுத்தா என்ன? தெரிஞ்சே தூக்குவேன்!" யுலீஸ் மேசையில் அறைந்தார். "என் தம்பி அங்க இருக்கான்னு தெரிஞ்சே தூக்குவேன். இங்க என் அம்மா இருக்கு. தெயோ, நீ சொல்லு."

தெயோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் போட மாட்டேன்," என்றாள் ஓடில்.

"அப்ப செயலாளருக்கு உடம்பு சரியில்ல. ஆர்மான், நீ போடு. தற்காலிகச் செயலாளர்னு போடு." யுலீஸ் கையை நீட்டினார். "சபை முத்திரையைக் குடு."

அவள் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அது அவளுடையது இல்லை. ஆர்மானின் பேனா தாளில் இரண்டு இடத்தில் குத்தி மை கசிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் சொல்ல ஒரு நகைச்சுவையும் இல்லை.

ஓடில் தெருவில் இறங்கினாள். காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. தபால் நிலையம் நாலு வீடு தள்ளி. கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே பலகை இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில், தபாலைப் பிரித்து அடுக்கும் மாடங்கள் வரிசையாகத் தெரிந்தன. கீழ் வரிசையில் கடைசி மாடம் ஷெனியேருக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை யாராவது துடுப்புப் படகில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே தெருவும் கிடையாது, கதவிலக்கமும் கிடையாது. உறையில் பெயர் மட்டும்தான் இருக்கும். பதினோரு வருஷமாக அந்தப் பெயர்களைப் படித்துப் படித்து அந்த மாடத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். அரை மணிக்கு முன்னால் 'எவரும் இல்லை' என்று தட்டிய விரலும் அவளுடையதுதான்.

அவள் உட்கார்ந்து கையால் எழுதினாள்.

விமானத் தளத்தின் அதிகாரிக்கு, என்று ஆரம்பித்தாள். 'ஐயா, இதே விமானத்தில் பெல் ஆன்ஸ் சபையின் கடிதம் ஒன்று உங்களுக்கு வருகிறது. அதில் மேற்குப் பகுதியில் எவரும் இல்லை என்று இருக்கிறது. அந்த வரியைத் தட்டியவள் நான். அது உண்மை இல்லை. எங்கள் ஊர்ப் படகுகள் பதினாலு ஷெனியேர் மேட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் என் கணவர் இருக்கிறார். அதை மறைக்க விரும்பவில்லை. அவை போக, ஷெனியேரில் குடியிருப்பவர்கள் இவர்கள்.'

பிறகு பெயர்களை எழுதினாள். மாடத்தில் என்னென்ன விழும் என்ற நினைவை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. அல்சே பில்லியோ. அவர் மனைவி செலஸ்தின். இருமல் மருந்துப் பொட்டலம் மாதாமாதம் வருவது இவளுக்கு. ஜூஸ்தேன் நாக்கேன், ராணுவத்திலிருந்து மகனின் கடிதத்துக்காகக் காத்திருப்பவர். சிசீலியா வெர்டன், விதைக் கடையின் விலைப்பட்டியல் வாங்குபவள். அவளுக்குப் பிள்ளைகள் நாலோ ஐந்தோ. போன கிறிஸ்துமஸுக்கு வந்த பெட்டியில் ஐந்து ஜோடிச் செருப்பு இருந்ததாக எண்ணம். பெயர் தெரியாத ஒரு கிழவர். அவருக்குக் கடிதம் வந்ததே இல்லை, ஆனால் வருகிறதா என்று கேட்க அவரே துடுப்புப் போட்டு வருவார். எழுத எழுத வந்துகொண்டே இருந்தார்கள். தாள் நிறைந்து பின்பக்கம் திரும்பினாள்.

கடைசியில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அதில் கை நின்றது. 'ஆகவே தூவ வேண்டாம்' என்று எழுதினால் மாடியில் முந்நூறு பேர். எழுதாமல் விட்டால் மற்றவர்கள். பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போகும் என்பதற்காக இல்லை, சத்தம் போட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பட்டதால். பிறகு எழுதினாள்: 'என் பிள்ளைகள் இருவரும் இங்கே பெல் ஆன்ஸ் பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார்கள். இதையும் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் விதிப்படி செய்யுங்கள். ஓடில் வெர்ரே.'

படகுத்துறையில் விமானம் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. விமானி ரஸ்க் இறக்கையின் கீழ் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஹாலோவே ஏறத் தயாராக இருந்தார். சபைக் கடிதம் அவர் சட்டைக்குள். யுலீஸும் தெயோவும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஓடில் தபால் பையோடு வருவதைப் பார்த்ததும் யுலீஸ் வழியில் குறுக்கே வந்தார்.

"என்னது அது?"

"தபால்."

"சபை சார்பா நீ எழுத முடியாது."

"சபை எழுதல. ஓடில் வெர்ரே எழுதியிருக்கா. தபாலைத் தடுக்கிறது குற்றம் யுலீஸ். உங்களுக்கே தெரியும்."

அவர் கை உயர்ந்தது. அடிக்கத்தானோ, பிடுங்கத்தானோ, அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. தெயோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, "விட்டுரு, விட்டுரு," என்று அழுதார்.

கடிதம் இன்னும் பைக்குள் போகவில்லை, அவள் கையில்தான் இருந்தது. அவசரத்தில் உறை திறந்தே கிடந்தது. ஹாலோவே அதைப் பார்த்தார்.

"அதை அவங்க படிச்சா தூவ மாட்டாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "தெரியும்ல?"

"தெரியும்."

"ஒட்டிக் குடுங்க." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "திறந்திருந்தா நான் வழியில படிப்பேன். படிச்சா கடல்ல போட்டுருவேன். என்னை நம்பாதீங்க."

ஓடில் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, உறையின் மடிப்பை நாக்கில் ஈரப்படுத்தினாள். வாயில் ஈரமே இல்லை. இரண்டாவது முறையும் ஒட்டவில்லை. மழைநீர் வழிந்த தன் மணிக்கட்டில் மடிப்பைத் தடவி, மார்போடு அழுத்திப் பிடித்து ஒட்டினாள். தபால்தலையின் மேல் ஊர்ப் பெயரும் தேதியும் விழத் தபால் முத்திரை குத்தி, பைக்குள் போட்டு வாயைக் கயிற்றால் இறுக்கி, ரஸ்க்கின் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினான்.